பதினொரு பேரும் ஒரு குழந்தையும்

மேகன், ஜார்ஜியா
17 ஜனவரி 1989

அன்புள்ள கோரின்,

இங்கே குளிர் குறைவு, மழை அதிகம். என் முழங்கால் ஒன்றைத் தவிர மற்றதெல்லாம் சுகம். ஞாயிற்றுக்கிழமை நீ தொலைபேசியில் கூப்பிட்டபோது நான் வீட்டில்தான் இருந்தேன். மணி அடித்து ஓயும்வரை கேட்டுக்கொண்டிருந்தேன். எனக்குக் கடிதம்தான் சரிப்படும். பேச்சில் நீ எப்போதும் ஜெயித்துவிடுவாய்.

நம் ஆலயத்தின் நூற்றிருபத்தைந்தாவது ஆண்டுக்காக அதன் வரலாற்றை எழுதித் தரும்படி குழு உன்னைக் கேட்டதையும், நீ ஒப்புக்கொண்டதையும் லூசில் அத்தை சொன்னார். அம்மாவின் தோழிகளில் மிச்சமிருப்பவர் அவர் ஒருவர்தான். இப்போது குழுவின் தலைவியும் அவர்தான். கடை வாசலில், கையில் முட்டைப் பெட்டியோடு நின்று சொன்னார். "உங்கிட்டதான் முதல்ல சொல்லணும்னு ஓடி வந்தேன் கண்ணு. நம்ம கோரினே எழுதப் போறா! நியூயார்க்ல அவ்வளவு பேர் எடுத்தவ, நமக்காக நேரம் ஒதுக்கியிருக்கா பாரேன்" என்றார். நல்லது என்றேன். "நீ ஒத்தாசையா இருப்பேன்னு அவகிட்ட சொல்லிட்டேன். பழைய பேப்பரெல்லாம் உங்கிட்டதானே கெடக்கு?" என்றார்.

கிடக்கவில்லை. ஒன்பது ஆண்டுகளாக அவற்றை நான் ஒழுங்குபடுத்தி வைத்திருக்கிறேன். கொதிகலன் அறையில் எலிக்கும் புழுதிக்கும் நடுவே இருந்தவற்றை ஒவ்வொன்றாக மேலே கொண்டுவந்து, ஆண்டுவாரியாகப் பிரித்து, அமிலமில்லாத உறைகளில் போட்டேன். முதல் இருபது ஆண்டுக் குறிப்பேடுகள் ஜெர்மன் கையெழுத்தில் இருக்கின்றன. இன்றைய ஜெர்மானியர்களுக்கே அந்தப் பழைய கோணல் எழுத்து படிக்க வராது. அதைக் கற்றுக்கொள்ள இரண்டு கோடை விடுமுறைகளை அட்லாண்டாவில் கழித்தேன். இதையெல்லாம் பெருமைக்காகச் சொல்லவில்லை. பெட்டிகளைத் திறக்கும்போது உறைகளைக் கலைத்துவிடாதே என்பதற்காகச் சொல்கிறேன்.

எட்டுப் பெட்டிகள் இன்று புறப்படுகின்றன. ஒவ்வொன்றிலும் பட்டியல் வைத்திருக்கிறேன். முதல் குறிப்பேடு மட்டும் அவற்றில் இல்லை. அது ஈரத்தில் கெட்டுப் பூசணம் பிடித்துவிட்டது; அனுப்பும் நிலையில் இல்லை. குழுவிடமும் சொல்லிவிட்டேன். நான் முன்பு படித்தவரைக்கும் உள்ள சுருக்கத்தைத் தட்டச்சு செய்து வைத்திருக்கிறேன்: நம் யூத ஆண்டுக் கணக்கில் 5624-ஆம் ஆண்டு, ஹெர்மன் ஸ்ட்ராஸ்னரின் துணிக்கடைப் பின்னறையில் பதினொரு பேர் கூடி, ஷாரே நெஹமா, ஆறுதலின் வாசல், என்று சபைக்குப் பெயரிட்டார்கள். பதினொரு பெயர்களும் இருக்கின்றன. நம் கொள்ளுத்தாத்தா யோசெப் ஃபெல்ஹைமர் ஏழாவது. உனக்கு அது போதும் என்று நினைக்கிறேன். உன் கற்பனை எப்போதும் ஆவணங்களுக்காகக் காத்திருந்ததில்லை.

ஒன்று சொல்ல மறந்தேன். நிறைவு விழாவுக்கு உன் கணவர் சவுலும் வருவாரானால் தொப்பி விஷயத்தை இப்போதே சொல்லிவை. போன முறை அவர் தலையில் வைத்துக்கொண்டு உள்ளே வந்ததை இன்னும் பேசுகிறார்கள். "இங்க தொப்பியோட உட்கார்ந்தா, கூரை ஒழுகுதோன்னு எல்லாரும் மேல பாப்பாங்க" என்கிறார் லூசில் அத்தை. வெறுந்தலையோடு கடவுள் முன் நிற்பது நம் ஊர் மரியாதை; அதற்குக் காரணம் கேட்டால் யாருக்கும் தெரியாது.

உன் உழைப்பு நல்லபடியாக முடியட்டும்.

இப்படிக்கு,
உன் அக்கா பாபெட்


மேகன்
26 ஏப்ரல் 1989

அன்புள்ள கோரின்,

பஸ்கா வாரம். ரொட்டி இல்லாமல் ஏழாவது நாள். ஊரில் ஒவ்வொருத்தி முகத்திலும் அது தெரிகிறது. உன் முதல் அத்தியாயம் வந்து சேர்ந்தது. எனக்கு நீ அனுப்பிய பிரதியை நான் பிரிப்பதற்குள் குழுவுக்கு நீ அனுப்பியதை லூசில் அத்தை பஸ்காவுக்கு முந்தைய வாரப் பெண்கள் சங்க விருந்தில் உரக்கப் படித்துவிட்டார். கோழி சாலட்டுக்கும் பெக்கன் கேக்குக்கும் நடுவில். ஆகவே உன் எழுத்தை நான் முதலில் கேட்டது அவர் குரலில், அவர் மூக்குக் கண்ணாடியைத் தேடும் இடைவேளைகளோடு.

நன்றாக இருக்கிறது. உள்நாட்டுப் போரில், ஆற்றுக்கு அப்பாலிருந்து வடக்கின் யூனியன் படை குண்டு வீசும் கோடை நாள், சாம்பல் நிறப் புகை, கடைக் கதவுகளைச் சாத்தும் வியாபாரிகள், ஊர் தப்பியது என்று தெரிந்ததும் யோசெப் ஃபெல்ஹைமர் எழுந்து "நாம் நன்றி சொல்ல ஓர் இடம் வேண்டும்" என்பது, அந்த இலையுதிர் காலத்திலேயே சபை பிறப்பது. மூன்று பேர் அழுதார்கள். செல்மா கிராய்ட்ஸ், "எங்க தாத்தா சொன்ன மாதிரியே இருக்கு, கூடவே இருந்து பார்த்தவ மாதிரி எழுதியிருக்காளே" என்று மூக்கைச் சிந்தினாள். அவள் தாத்தா இந்த ஊருக்கு வந்தது 1891-இல். அதை நான் சொல்லவில்லை.

பிறகு எல்லோரும் என் பக்கம் திரும்பி, தங்கையை நினைத்து எவ்வளவு பெருமையாக இருக்கும் என்றார்கள். இருக்கிறது என்றேன். லூசில் அத்தை என் கையைத் தட்டி, "நீயும் படிச்சவதான், இல்லேங்கல. ஆனா உன்னோடது ஃபுட்நோட்டு படிப்பு. இவளோடது மனசுல போய் உட்காருது" என்றார். அன்பாகத்தான் சொன்னார். என் முதுகலை ஆய்வேடு அம்மாவின் சமையலறை ஜன்னல் மூடிக்கொள்ளாமல் இருக்கப் பதினாறு ஆண்டுகள் முட்டுக்கொடுத்தது உனக்கு நினைவிருக்குமோ தெரியாது. உன் கதைகள் வந்த பத்திரிகைகள் வெள்ளிப் பாத்திர டிராயரில், ஃப்ளானல் துணிக்குள் இருந்தன.

சங்கக் கூடத்துச் சுவரில் நம் உறுதிமொழி வகுப்பின் படம் இன்னும் தொங்குகிறது. 1956. ஐந்து பேர் மட்டும் இருந்ததால் பதினாலு வயது உன்னையும் பதினாறு வயது என்னையும் ஒரே வகுப்பில் போட்டார்கள். ஷாவுவோத் பண்டிகை அன்று மலர்க் காணிக்கைப் பிரார்த்தனையை எழுதியவள் நான். மூன்று வாரம் எழுதினேன். ஒத்திகையில் ஆலயத்து ரபி கேட்டுவிட்டு, "பாபெட்டின் குரல் முதல் வரிசையைத் தாண்டாதும்மா. கோரின் சொல்லட்டும்" என்றார். நீ சொன்னாய். லில்லிப் பூக்களோடு நடுவில் நிற்பவள் நீ. பூச்சாடிக்குப் பின்னால் பாதி முகம் தெரிவது நான். வீட்டுக்கு வந்ததும் அம்மா உன்னைக் கட்டிக்கொண்டு, "எங்கிருந்துடி வந்தது உனக்கு இந்த வார்த்தையெல்லாம்?" என்று கேட்டாள். நீ என்னைப் பார்த்தாய். பிறகு சிரித்தாய். அந்தச் சிரிப்புக்கு நீ என்ன அர்த்தம் வைத்திருந்தாய் என்று முப்பத்துமூன்று ஆண்டுகளாகக் கேட்க நினைத்திருக்கிறேன். கேட்டால் உனக்கு ஞாபகம் இருக்காது. அது கேட்காமல் இருப்பதைவிட மோசம்.

ஆண்டைப் பற்றிக் கேட்டிருந்தாய். 5624 என்பது 1864 என்று கணக்குப் போட்டிருக்கிறாய், சரிதானே என்று. ஆலயத்தின் மூலைக்கல்லில் 1864 என்றுதான் செதுக்கியிருக்கிறார்கள். மாதம் ஏதாவது குறிப்பிட்டிருக்கிறதா என்றும் கேட்டிருந்தாய். என் சுருக்கத்தில் இருப்பதை நீயே பார்த்துக்கொள்ளலாம்.

கல்லறைத் தோட்டத்தில் வெண்கலப் பலகை வைக்கப்போகிறார்கள். வேறு விசேஷம் இல்லை. வாசலில் டாக்வுட் பூத்து முடிந்துவிட்டது.

உன் பெண்களுக்கு என் முத்தங்கள்.

பாபெட்


மேகன்
12 ஜூன் 1989

அன்புள்ள கோரின்,

இந்தக் கடிதத்தை நின்றுகொண்டு படிக்காதே. உட்கார்ந்து, கடைசிவரைக்கும் படித்துவிட்டு அப்புறம் கோபப்படு.

முதல் குறிப்பேடு கெடவில்லை. ஈரமும் படவில்லை, பூசணமும் பிடிக்கவில்லை. என் துணி அலமாரியில், அம்மாவின் பஸ்கா மேசைவிரிப்புக்குள் சுற்றி வைத்திருக்கிறேன். ஜனவரியில் உன்னிடம் பொய் சொன்னேன். குழுவிடமும் அதையே சொன்னேன். ஏன் என்று நீ ஊகித்திருப்பாய். உன்னிடம் எந்தக் காலத்தில் நான் எதை மறைக்க முடிந்திருக்கிறது? ஒரு பொருளாவது என்னிடம் இருக்கட்டும் என்று நினைத்தேன். நீ தவறாக எழுதுவாய் என்றும் தெரிந்திருந்தது. அந்தத் தவறு புத்தகத்தின் முதல் வரியில் அச்சாகி வரும் நாளை நான் எதிர்பார்த்துக்கொண்டிருந்தேன். அன்று யாரிடமும் ஒன்றும் சொல்லப்போவதில்லை. எனக்குத் தெரியும் என்பதே எனக்குப் போதுமாக இருந்தது.

தவறு இதுதான். 5624-இல் 3760-ஐக் கழித்தால் 1864. ஞாயிற்றுக்கிழமைப் பள்ளியில் நமக்குச் சொல்லிக்கொடுத்த கணக்கு. ஆனால் நம் ஆண்டு பிறப்பது இலையுதிர் காலத்தில். பிறந்த முதல் மூன்றரை மாதத்துக்கு இன்னும் ஒன்று சேர்த்துக் கழிக்க வேண்டும். இரண்டு தேதிகளையும் பக்கத்தில் வைத்து வாழ்கிற எந்த வீட்டிலும் இது சின்னப் பிள்ளைகளுக்குக் கூடத் தெரியும். நம் ஊரில் 1902-இல் புதுக் கட்டடம் எழுப்பியபோதே அதை மறந்துபோயிருந்தார்கள். குறிப்பேட்டில் இருக்கும் தேதி ஹெஷ்வான் மாதம் பன்னிரண்டு. புத்தாண்டிலிருந்து இரண்டாவது மாதம். அதாவது 1863 அக்டோபர் 25, ஞாயிற்றுக்கிழமை. குண்டு வீச்சுக்கு ஒன்பது மாதம் முன்பு. ஊர் தப்பியதற்கு நன்றி சொல்ல அவர்கள் கூடியிருக்க முடியாது. மூலைக்கல் முதலில் வந்தது. அதற்குப் பொருத்தமாகக் கதை பிறகு வந்தது.

அவர்கள் எதற்குக் கூடினார்கள் என்பதை அப்படியே மொழிபெயர்த்துக் கீழே தருகிறேன். எழுதியவர் ஸ்ட்ராஸ்னர்.

"இன்று பதினொரு பேர் கூடினோம். இதுவரை நம் இறந்தவர்களைச் சவானாவுக்கு ரயிலில் அனுப்பிவந்தோம். ரயில் பெட்டிகளைப் படை எடுத்துக்கொண்டது. யோசெப் ஃபெல்ஹைமரின் மகள் பாபெட், பதினான்கு மாதம், வெள்ளிக்கிழமை காலை தொண்டை அடைப்பால் இறந்தாள். நமக்கென்று ஒரு துண்டு நிலம் வேண்டும் என்று முடிவாயிற்று. நிலம் வைத்திருக்க ஒரு சபை வேண்டும் என்று நகரசபை சொல்கிறது. ஆகவே சபை அமைத்தோம். யோசெப் வந்திருந்தார். பேசவில்லை. பெயர் பற்றி நீண்ட விவாதம் வேண்டாம் என்று லேவி கேட்டுக்கொண்டார். குழந்தை காத்திருக்கிறது."

அவ்வளவுதான். அடுத்த பக்கத்தில், மாலையில் அடக்கம் நடந்தது என்று ஒரு வரி. குழியைத் தோண்டியது ஸ்ட்ராஸ்னரின் அடிமை; அவர் பெயரை எழுதவில்லை. பதினொரு பேருக்கும் பெயர் இருக்கிறது, தோண்டியவருக்கு இல்லை. ஆறுதலின் வாசல் என்று நம் ஆலயத்துக்கு ஏன் பெயர் வந்தது என்று நூறு வருடமாக மேடையில் விளக்கம் சொல்கிறார்கள். நாலு வரியில் இருந்தது.

அந்தக் குழந்தை தாத்தாவின் அக்கா. நான் பிறந்தபோது பாபெட் என்று வைக்கச் சொல்லிக் கேட்டது தாத்தாதானாம். இறந்தவர் யாராவது ஒருவரின் பெயரைத்தான் நாம் வைப்போம். உனக்கு, ஓப்பரா மேடையில் பாடிய கோரின் பாட்டியின் பெயர் கிடைத்தது. அவளைப் பற்றி எத்தனை கதைகள், எத்தனை படங்கள். என் பெயர் யாருடையது என்று ஒரு தடவை அம்மாவைக் கேட்டேன். "அப்பா வழியில யாரோ. வயசாகித்தான் போய்ச் சேர்ந்திருப்பா" என்றாள். ஆறு ஆண்டுகளுக்கு முன் கொதிகலன் அறையில் உட்கார்ந்து அந்தப் பக்கத்தை எழுத்துக்கூட்டிப் படித்தபோது, முதல் தடவையாக உனக்கு இல்லாத ஒன்று எனக்குக் கிடைத்துவிட்டது என்றுதான் நினைத்தேன். பாவம் குழந்தை என்று நினைக்கவில்லை. அதை நினைக்க எனக்கு நேற்றுவரை ஆயிற்று.

நேற்று குழுக் கூட்டம். நவம்பர் விழாவில் கல்லறைத் தோட்டத்துக்கு ஊர்வலமாகப் போவதாக ஏற்பாடு. உன் இரண்டாம் அத்தியாயத்தில், முதல் கல்லறை 1865-இல் இறந்த ஒரு படைக் கேப்டனுடையது என்று எழுதியிருக்கிறாய். கல்லறைப் பட்டியலைப் பார்த்தால் நானும் அப்படித்தான் எழுதியிருப்பேன். அதனால் பலகை கேப்டனின் பெரிய கல்லுக்குப் பக்கத்தில் வருகிறது. அதுவரை சக்கர நாற்காலிகள் போக ஒரு நேர்பாதை வேண்டும். குறுக்கே பெயர் அழிந்த ஒரு சின்னக் கல் இருக்கிறது. யாருடையதென்று தெரியாததால் அதைப் பெயர்த்து வேலியோரம் நட்டுவிடலாம் என்று லூசில் அத்தை சொன்னார். ஜூலை முதல் வாரத்தில் வேலை.

நான் கையைத் தூக்கினேன். அந்தக் கல்லைத் தொடக்கூடாது, அதுதான் எல்லாவற்றிலும் பழையது என்றேன். "எதை வச்சு சொல்ற கண்ணு?" என்றார். முதல் குறிப்பேட்டில் இருக்கிறது என்றேன். அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார். "அது பூசணம் பிடிச்சுப் படிக்கவே முடியலேன்னு நீதானே ஜனவரியில சொன்ன?" என்றார். மில்டன் கிராய்ட்ஸ் பின்னால் இருந்து, "சத்தமா சொல்லும்மா பாபெட், இங்க ஒண்ணுமே கேக்கல" என்றார். லூசில் அத்தை அவர் பக்கம் திரும்பி, "ஒண்ணுமில்ல, கோரினே விசாரிச்சு எழுதிட்டா, இவளுக்கு ஏதோ சந்தேகம்" என்றார். நான் உட்கார்ந்துவிட்டேன். தீர்மானம் நிறைவேறியது.

கூட்டம் முடிந்ததும் நேரே கல்லறைத் தோட்டத்துக்குப் போனேன். அதைப் பார்த்துக்கொள்ளும் வெர்னல் டகெட்டை உனக்குத் தெரியாது. நீ போன பிறகு வந்தவர். புல் வெட்டிக்கொண்டிருந்தார். கல்லைப் பெயர்க்கச் சொன்னார்களா என்றேன். "சொன்னாங்க மிஸ் பாபெட். எனக்கு மனசே இல்ல" என்றார். "வாறவங்க எல்லாம் கேப்டன் கல்லத்தான் போட்டோ பிடிக்கறாங்க. நான் இருவது வருசமாப் புல்லு வெட்டறேன். எல்லா வரிசையும் நேராப் போவுது, இந்தச் சின்னது பக்கத்துல வந்ததும் கொஞ்சம் ஒதுங்கிப் போவுது பாருங்க. முதல்ல இதத்தான் வச்சிருக்காங்க. மத்தவங்க இதுக்கு வழிவிட்டுப் படுத்திருக்காங்க" என்றார். ஆவணம் ஒன்றையும் படிக்காமல் அவர் கண்டுபிடித்துவிட்டார். நான் ஆறு ஆண்டுகளாக அதைப் பூட்டி வைத்திருந்தேன்.

அந்தக் கல் என் முழங்கால் உயரம்கூட இல்லை. எபிரேய எழுத்துகளில், பாபெட்டின் முதல் எழுத்தான பேத் ஒன்று மட்டும் விரலுக்குத் தட்டுப்படுகிறது. வழக்கப்படி ஒரு கூழாங்கல்லை எடுத்து அதன்மேல் வைத்தேன். அது அங்கே வைத்த முதல் கூழாங்கல்லாக இருக்கலாம். அப்போதுதான் எனக்கு உறைத்தது, இத்தனை நாளும் அவளை நான் உனக்கு எதிராகப் பிடித்து வைத்திருந்தேன் என்பது. பதினான்கு மாதக் குழந்தையை.

அடுத்த கூட்டம் ஜூன் இருபத்தைந்து, ஞாயிறு மாலை நான்கு மணி. குறிப்பேட்டை எடுத்துக்கொண்டு போகிறேன். பொய் சொன்னேன் என்று சொல்லப்போகிறேன். அதன் பிறகு நான் சொல்லும் எதையும் அவர்கள் ஏன் நம்ப வேண்டும்? அந்த எழுத்தைப் படிக்கத் தெரிந்தவள் இந்த ஊரில் நான் ஒருத்திதான்; அந்த ஒருத்தி பொய் சொன்னவள். ஆலய மூலைக்கல்லில் 1864 என்று இருக்கிறது, அழைப்பிதழும் அடித்தாகிவிட்டது, உன் அத்தியாயத்தைக் கேட்டு மூன்று பேர் அழுதிருக்கிறார்கள். என் சொல்லுக்காக அவர்கள் பாதையை வளைக்க மாட்டார்கள்.

உன் சொல்லுக்காக வளைப்பார்கள். அது எனக்குக் கசக்கிறது. மறைக்கவில்லை, இன்றும் கசக்கிறது. இதை எழுதும்போதே, நீ இந்தப் பக்கத்தை எவ்வளவு அழகாக எழுதுவாய், அதை யார் யார் படித்து அழுவார்கள் என்று நினைத்துப் பார்த்து எனக்கு வயிறு எரிகிறது. ஆனாலும் கேட்கிறேன். உன் முதல் அத்தியாயத்தைத் திரும்ப எடுத்துக்கொள். புகையையும் குண்டையும் எடுத்துவிடு. பதினொரு பேரையும், பேசாமல் உட்கார்ந்திருந்த யோசெப்பையும், பெயரில்லாமல் குழி தோண்டியவரையும் வை. மொழிபெயர்ப்பு முழுவதும் இத்துடன் இருக்கிறது. ஒரு சொல்லையும் மாற்றாதே.

முடிந்தால் இருபத்தைந்தாம் தேதி நீயே வா. உன் அறை அப்படியேதான் இருக்கிறது. ஜன்னலுக்கு மட்டும் முட்டு வேண்டியிருக்கும். கூட்டத்தில் நான் எழுந்து படிக்கத் தொடங்குவேன். மூன்றாவது வாக்கியத்தில் மில்டன் சத்தமாகச் சொல் என்பார். அப்போது நீ என் கையிலிருந்து தாளை வாங்கி, கடைசி வரிசைக்கும் கேட்கும்படி படி. 1956-இல் படித்த மாதிரியே படி. ஆனால் படிக்கத் தொடங்குவதற்கு முன், இந்த முறை, இதை எழுதியவள் யார் என்று ஒரு வார்த்தை சொல்லிவிடு. அதைக் கேட்க அம்மா இல்லை என்று எனக்குத் தெரியும். நீ சொல்வதை நான் கேட்டால் போதும்.

உன் பெண்கள் இருவரும் ஒருவர் சொத்தை ஒருவர் ஒளித்து வைக்காமல் வளரட்டும். சீக்கிரம் பதில் போடு. இல்லையென்றால் கூப்பிடு, இந்த முறை எடுப்பேன். ஜூலைக்கு அதிக நாள் இல்லை. குழந்தை காத்திருக்கிறது.

உன் அக்கா,
பாபெட் ஃபெல்ஹைமர்